ஆமாம், பெட்டிச் சாப்பாடுதான்

அன்புள்ள சில்லுவின் அம்மாவுக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதுவது. இங்கே நானும் நம் மகளும் சுகம். வழக்கத்துக்காக இதை எழுதவில்லை, நிஜமாகவே சுகமாக இருக்கிறோம். யார் உன்னிடம் என்ன சொல்லியிருந்தாலும் சரி, இதை முதல் வரியிலேயே எழுதி வைத்துவிடுகிறேன். நீயும் சுகம் என்று போனில் சொன்னாய். அதை நான் நம்பவில்லை.

தினமும் போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று கேட்பாய். போனில் நீ அழுவாய். நீ அழுதால் எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது, எதற்கெடுத்தாலும் 'சரி, சரி' என்று சொல்லிவிடுவேன். முந்தாநாள் அப்படித்தான் ஆயிற்று. செயற்கைக்கால் பயிற்சியை விட்டுவிட்டு வருகிறேன், மாசக் கடைசியில் எழுதிக் கொடுத்துவிடப் போகிறேன் என்றாய். நானும் சரி என்றேன். போனை வைத்த பிறகு என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. அந்தச் 'சரி'யை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன். நீ வரக்கூடாது. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், மற்றதெல்லாம் அதற்கான காரணங்கள்.

என் அக்கா உனக்கு அனுப்பிய செய்தியை நீ எனக்குப் படித்துக் காட்டினாயே, அதில் இருப்பது பாதிக் கதை. சில்லுவின் வகுப்பில் டீச்சர் ஒவ்வொரு பிள்ளையையும் எழுப்பிக் காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டிருக்கிறார். நம் மகள் எழுந்து நின்று, எங்கள் அப்பா பெட்டியில் இருந்து கொட்டி டிரில் மெஷினில் கலக்கித் தருவார் என்று சொல்லியிருக்கிறாள். பெருமையாகத்தான் சொல்லியிருக்கிறாள். டீச்சர் பாவம், என்ன நினைப்பார்? எனக்குப் போன் செய்திருக்கிறார். நான் அப்போது ஒரு மாடிக் குளியலறையில் டைல் அறுத்துக்கொண்டிருந்தேன், அந்தச் சத்தத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. பள்ளியில் நாம் கொடுத்திருந்த அடுத்த நம்பர் என் அக்காவுடையது.

அவ்வளவுதான். அக்கா வண்டி பிடித்து வந்து இறங்கிவிட்டாள். சமையலறை அலமாரியைத் திறந்தாள். கார்ன்ஃபிளேக்ஸ் பெட்டிகள் வரிசையாக நின்றன. எந்தக் கடையிலும் கிடைக்கிற சாதாரணப் பெட்டிதான், சேவல் படமும் இல்லை பரிசுப் பொம்மையும் இல்லை. அவள் ஒவ்வொரு பெட்டியாக எடுத்து ஆட்டிப் பார்த்து, 'பெட்டிச் சாப்பாடு' என்றாள். அதைச் சொன்ன விதம் இருக்கிறதே, நான் பிள்ளைக்குச் சாராயம் ஊற்றிக் கொடுத்த மாதிரி. உடனே உனக்கும் செய்தி பறந்துவிட்டது.

பெட்டிச் சாப்பாடுதான். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெட்டியில் இருந்து வந்ததை நான் என்ன செய்கிறேன் என்று அவளும் கேட்கவில்லை, நீயும் கேட்கவில்லை. உன் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது, எழுதிவிட்டேன்.

நீ கிளம்பிப் போன புதிதில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. பள்ளி வேன் விடிந்தும் விடியாமலும் வந்து ஹாரன் அடிக்கும். அதற்குள் பிள்ளையை எழுப்பி, குளிக்க வைத்து, தலை பின்னி, வயிற்றுக்கும் ஏதாவது போட வேண்டும். தலை பின்னக் கற்றுக்கொண்டுவிட்டேன், கோணலாகத்தான் வரும், அவள் குறை சொல்வதில்லை. சமையல்தான் வரவில்லை. நான் ஆக்கியதை நீ சாப்பிட்டிருக்கிறாய், விளக்கத் தேவையில்லை. அதனால் கார்ன்ஃபிளேக்ஸைக் கொட்டிப் பச்சைப் பாலை ஊற்றிக் கொடுத்தேன். அவளும் முணுமுணுக்காமல் சாப்பிட்டாள்.

ஒரு நாள் காலையில் சாக்ஸ் போட்ட காலை நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டு, சுருண்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வாய் போட்டுக்கொள்வதும் ஸ்பூனை வைத்துவிட்டுக் கையைக் கக்கத்தில் சொருகிக்கொள்வதுமாக இருந்தாள். என்னம்மா என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லப்பா. இது வயித்துக்குள்ள போயும் குளிருது" என்றாள்.

அடம் பிடித்திருந்தால்கூட நான் அதட்டியிருப்பேன். அவள் சும்மா ஒரு தகவல் மாதிரி சொன்னாள். நாளைக்கு இந்தப் பெட்டியை வைத்தே உனக்குச் சூடாகச் செய்து தருகிறேன் பார் என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

எனக்குத் தெரிந்த கலவை ஒன்றுதான், டைல் ஒட்டுகிற பசை. முதலில் தண்ணீர், அப்புறம் பவுடர், நன்றாகக் கலக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் ஆடாமல் அசையாமல் விட வேண்டும், பிறகு மறுபடி கலக்க வேண்டும். இதை நான் தூக்கத்தில்கூடச் செய்வேன். மறுநாள் அதே முறையில் சுட வைத்த பாலில் கார்ன்ஃபிளேக்ஸைப் போட்டுக் கிண்டி, மூடி வைத்து, வேலைக்கு வேண்டிய சாமானை எல்லாம் எடுத்து வைத்துவிட்டு வந்து மறுபடி கிண்டினேன். கரண்டி நட்டுக்குத்தலாக நின்றது. பாத்திரத்தைக் கவிழ்த்தேன், விழவில்லை. அதை வைத்து ஒரு குளியலறைச் சுவரையே முடித்திருக்கலாம். சில்லு அதை எட்டிப் பார்த்துவிட்டு, தனக்குப் பசிக்கவில்லை என்று மரியாதையாகச் சொன்னாள்.

டிரில் கதை இதற்கு அடுத்தது. பசை மாதிரி ஆகாமல் இருக்க இடைவிடாமல் அடித்துக் கலக்க வேண்டும் என்று நானாகவே முடிவு செய்துகொண்டு, முட்டை அடிக்கிற கம்பி ஒன்றைப் புதிதாக வாங்கி வந்தேன். பிடியைக் கழற்றினால் அது டிரில்லின் வாயில் கச்சிதமாக உட்கார்ந்தது. இதைப் பார்த்த பிறகு எந்த டைல்ஸ்காரனால் சும்மா இருக்க முடியும்? டிரில்லை நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் வைத்தேன், அதைக் குறித்துக்கொள். லேசாக ஒரு அழுத்து அழுத்தினேன். லேசாக என்பது டிரில்லுக்குத் தெரியாது. பால் கூரைக்குப் போயிற்று, நான் ஒட்டிய சுவருக்குப் போயிற்று, ஜன்னல் கம்பிக்குப் போயிற்று, கோணல் பின்னலுக்குள்ளும் போயிற்று. நான் அசடு வழிய நிற்கிறேன், உன் மகள் தரையில் உட்கார்ந்து விக்கல் வருகிற அளவுக்குச் சிரிக்கிறாள். நீ போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். செய்தது ஒரே ஒரு தடவை. அதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை, டீச்சரிடமும் இல்லை, அக்காவிடமும் இல்லை. அந்தச் சிரிப்புக்காக இன்னொரு தரம் சுவரைக் கழுவச் சொன்னாலும் கழுவுவேன்.

இப்போது செய்வது வேறு மாதிரி. கவனமாகப் படி, ஏனென்றால் இதைப் பெட்டிச் சாப்பாடு என்று சொல்லி உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

அடி கனமான சின்னப் பாத்திரத்தை அடுப்பில் வைத்து ஒரு ஸ்பூன் வெண்ணெய் போடுவேன். அது உருகினதும் நன்றாகப் பழுத்த ஒரு வாழைப்பழத்தை வட்டம் வட்டமாக நறுக்கிப் போட்டு, ஓரம் சிவக்கிற வரை புரட்டுவேன். தோல் கறுத்த பழமாக இருந்தால் இன்னும் நல்லது, யாரும் வாங்காத பழத்தைத்தான் இப்போது நான் தேடி வாங்குகிறேன், பழக்கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார். அதன் மேல் பாலை ஊற்றி, ஒரு சிட்டிகை உப்புப் போடுவேன். சர்க்கரை வேண்டியதில்லை, பழமே போதும். பால் ஓரத்தில் முத்து முத்தாகக் கட்டி வரும்போது தணலைக் குறைத்து, ஒரு பிடி கார்ன்ஃபிளேக்ஸைக் கையிலேயே நொறுக்கித் தூவுவேன். இந்த நொறுக்கினதுதான் பாலில் கரைந்து கெட்டிப்படுத்தும். அதிகம் கிண்டக்கூடாது. ஊற வைக்கவும் கூடாது. என் தொழிலுக்கு நேர் எதிர், அதைப் புரிந்துகொள்ளத்தான் எனக்கு அத்தனை நாள் ஆனது. டைல் பசையைக் காத்திருக்க வைக்க வேண்டும், இதைக் காத்திருக்க வைத்தால் போச்சு.

இன்னொரு அடுப்பில் வெறும் வாணலியில் இன்னொரு பிடியை முழுசாகப் போட்டு லேசாக வறுப்பேன். வீடே மணக்கும், மாடியில் இருக்கிற தையல்காரம்மா என்ன செய்கிறாய் என்று ஜன்னல் வழியாகக் கேட்பார். பாத்திரத்தில் இருப்பதைக் கிண்ணத்தில் ஊற்றி, மேலே வறுத்ததைத் தூவ வேண்டும். தூவுகிற வேலை சில்லுவுடையது. தன் கிண்ணத்துக்கும் தூவுவாள், என் கிண்ணத்துக்கும் தூவுவாள், எனக்கு ஒரு பங்கு கூடுதலாகப் போடுவாள். இரண்டு பேரும் அடுப்பின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொள்வோம். கிண்ணத்தை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, மேலே மொறுமொறுவென்று இருப்பதை முதலில் தின்றுவிட்டு, கீழே இருப்பதை நிதானமாகச் சாப்பிடுவாள். காலைச் சுருட்டிக்கொள்வதில்லை. பாதி சாப்பிட்ட பிறகு தினமும் ஒரே கேள்வி கேட்பாள், அம்மா இந்நேரம் சாப்பிட்டிருப்பாளா என்று. எனக்குப் பதில் தெரியவில்லை. காலையில் நீ என்ன சாப்பிடுகிறாய்? மறைக்காமல் எழுது.

வேலையிடத்திலும் விஷயம் பரவிவிட்டது. மேஸ்திரி என்னைப் பார்த்தாலே, வீட்டம்மா வந்தாச்சு, சமையல் முடிந்ததா என்று கேட்கிறார். முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். இப்போதெல்லாம் முடிந்தது, பாத்திரமும் கழுவியாயிற்று, உங்கள் வீட்டில் நீங்கள் எதைக் கழுவினீர்கள் என்று திருப்பிக் கேட்கிறேன். அவருக்கு வேறு வேலை ஞாபகம் வந்துவிடுகிறது.

அக்கா அன்றைக்குப் போகும்போது உன்னைப் பற்றி ஒன்று சொன்னாள். கட்டைக்கால் செய்யப் போகிறேன் என்று பெற்ற பிள்ளையை விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்றாள். என்னைத் திட்டியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆஸ்பத்திரிப் பட்டறையில் எத்தனை வருஷம் நீ அடுத்தவர்கள் எடுத்த கால் அச்சைத் தேய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாய்? கால் போன லாரி டிரைவர் ஒருவர் கட்டைக்காலின் உறை பொருந்தாமல் புண்ணோடு மறுபடி மறுபடி வந்ததையும், தப்பு எங்கே என்று உனக்குத் தெரிந்தும் உதவியாளுக்கு என்ன தெரியும் என்று உன்னைப் பேசவே விடாததையும் நீ சொல்லி அழுதது எனக்கு மறக்கவில்லை. முதலில் இருந்து கடைசி வரை ஒரு காலை நானே செய்து ஒருத்தரை நடக்க வைக்க வேண்டும் என்றாய். இந்தப் பயிற்சிக்குப் பட்டறையில் இருந்து உன்னைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அதை ஒரு கார்ன்ஃபிளேக்ஸ் பெட்டிக்காக விட்டுவிட்டு வருவாயா?

வெள்ளிக்கிழமை அக்கா மறுபடி வருகிறாளாம். நீ வந்து சேருகிற வரைக்கும் சில்லுவைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போகப் போகிறாளாம். நான் சம்மதிக்கவில்லை என்று சொல்லியாயிற்று, அவள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். வரட்டும், பார்த்துக்கொள்கிறேன். நடந்ததை எழுதிவிட்டே இதை அனுப்புகிறேன்.

மேலே நிறுத்தியதில் இருந்து தொடர்கிறேன். அக்கா வந்தாள், போய்விட்டாள்.

பெரிய காலிப் பையோடு வந்து இறங்கினாள். உனக்குத்தான் தெரியுமே, விடுதிச் சமையலறையில் அத்தனை மாணவர்களுக்கு ஆக்கிப் போடுகிறவள். மறுநாள் காலையில் நாங்கள் கண் விழிப்பதற்குள் மேஜை நிறையச் செய்து வைத்துவிட்டாள். பொய் சொல்ல மாட்டேன், சில்லு கேட்டுக் கேட்டு வாங்கித் தட்டை வழித்துச் சாப்பிட்டாள். என் முகம் தொங்கிப்போயிற்று. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அடுத்த நாள் நான் முந்திக்கொண்டேன். இன்றைக்கு அடுப்பு என்னுடையது என்றேன். அவள் வாசற்படியில் இடுப்பில் கை வைத்து நின்றபடி, நான் வாழைப்பழம் நறுக்குவதில் இருந்து கடைசி வரை பார்த்தாள். பரீட்சை எழுதுகிற மாதிரி இருந்தது எனக்கு. சில்லு மூன்று கிண்ணத்துக்கும் தூவினாள். அக்கா ஒரு ஸ்பூன் வாயில் வைத்துவிட்டு, இதை என் விடுதியில் வைத்தால் பையன்கள் தட்டைத் தூக்கி என் மேலேயே எறிவார்கள், இது காய்ச்சல்காரன் சாப்பாடு என்றாள். இருக்கட்டும், உன்னோடு போட்டி போடவா செய்தேன் என்று சொல்லிவிட்டு நான் சாப்பிட்டேன்.

அவள் எழுந்து போய் அலமாரியில் இருந்து சில்லுவின் உடுப்புகளை எடுத்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள். நான் பையில் இருந்து எடுத்து அலமாரியில் வைத்தேன். அவள் மறுபடி பையில் வைத்தாள், நான் மறுபடி எடுத்தேன். ஒரு மஞ்சள் கவுனை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றோம். இந்த வயசில் இரண்டு பேரும் நின்ற லட்சணத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

"அம்மா போனதுக்கப்புறம் உனக்குச் சோறு போட்டவ நான். பிள்ளை வளர்க்க எனக்குத் தெரியாதா? நீ எனக்குச் சொல்லித் தர்றியா?" என்றாள்.

அது உண்மை. அவள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத்தான் எனக்கு ஆக்கிப் போட்டாள். அதைச் சொன்னால் நான் அடங்கிவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும், இத்தனை நாளும் அடங்கித்தான் இருக்கிறேன். அன்றைக்கு அடங்கவில்லை.

"நீ போட்ட சோத்துலதான் வளர்ந்தேன்க்கா. நீ ஒரு நாளும் என்னை அடுப்புகிட்ட விடல. உன் படிப்பும் போச்சு, எனக்குச் சமைக்கவும் தெரியாமப் போச்சு. என் பொண்ணுக்காக அவ அம்மாவும் படிப்பை விட வேணாம். அப்பா அடுப்புல நிக்கிறதப் பாத்து அவ வளரட்டும்" என்றேன்.

அக்கா கவுனை விட்டுவிட்டாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். எனக்குப் பயமாகிவிட்டது, சொல்லியிருக்கக் கூடாதோ என்று. ஆனால் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. பிறகு சில்லுவைப் பக்கத்தில் கூப்பிட்டு, அத்தை வீட்டுக்கு வருகிறாயா, தினமும் நேற்று மாதிரி விதவிதமாகச் செய்து தருகிறேன் என்று கேட்டாள். உன் மகளுக்கு நாக்கு நீளம், யோசித்தாள். அப்பாவும் வருவாரா என்றாள். அப்பாவுக்கு வேலை இருக்கிறது, வர முடியாது என்றாள் அக்கா.

"அப்ப அப்பாவுக்கு யாரு தூவுவாங்க?" என்று கேட்டாள் சில்லு.

அக்கா காலிப் பையை மடித்து எடுத்துக்கொண்டு கிளம்பினாள். எப்போதும் போயிட்டு வருகிறேன் என்பாள், இந்தத் தடவை போகிறேன் என்று மட்டும் சொன்னாள். எனக்கு உள்ளுக்குள் வலிக்கிறது. அவள் மனம் மாறிவிட்டது என்றெல்லாம் நினைத்துக்கொள்ளாதே, வாசலில் நின்று, அவளை வரச் சொல்லி நான் சொல்லிக்கொண்டேதான் இருப்பேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். சொல்வாள். அதற்குள் இந்தக் கடிதம் உன் கையில் கிடைக்க வேண்டும் என்றுதான் கூரியரில் போடுகிறேன்.

நீ இல்லாமல் கஷ்டமே இல்லை என்று எழுதினால் அது புளுகு. கஷ்டமாகத்தான் இருக்கிறது. சில நாள் வேலை முடிந்து பூட்டைத் திறக்கக் கை வருவதில்லை, உள்ளே நீ இருக்க மாட்டாய் என்று. கஷ்டமாக இருக்கிறது என்பதற்காக உன்னைக் கூப்பிட மாட்டேன். அக்காவுக்குப் பயந்து, எனக்காக இரக்கப்பட்டு, பெட்டியைப் பார்த்து மிரண்டு, எதற்காகவும் நீ பாதியில் வராதே. முடிக்காமல் வந்தால் கதவைத் திறக்க மாட்டேன். திறந்துவிடுவேன் என்று உனக்கும் தெரியும். அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன், வராதே.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்


என் வீட்டுக்காரருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் நேற்றுக் கிடைத்தது. பட்டறை வாசலில் நின்று படித்தேன், பிறகு குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். சில்லுவுக்கு என் முத்தங்கள். உங்களுக்கு முதலில் திட்டு. டிரில்லைச் சமையலறைக்குள் கொண்டுபோனது போதாதென்று அதில் எந்தத் தப்பும் இல்லை என்று எழுதவும் செய்கிறீர்களே, என்ன நெஞ்சழுத்தம். கூரையில் இன்னும் பால் கறை இருந்தால் நான் வருவதற்குள் வெள்ளை அடித்து வையுங்கள்.

கேட்டதற்குப் பதில். காலையில் நான் எதுவும் சாப்பிடுவதில்லை, ஒரு தேநீரோடு ஓடுவேன். இங்கே அறையில் தண்ணீர் சுட வைக்கிற கெட்டில் ஒன்றைத் தவிர வேறு அடுப்பு கிடையாது. சில்லு தினமும் கேட்கிறாள் என்று ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?

என் மேல் கோபம் என்று எழுதியிருந்தீர்கள். கோபப்படுங்கள், ஆனால் சரியான காரணத்துக்குக் கோபப்படுங்கள். நான் கார்ன்ஃபிளேக்ஸ் பெட்டிக்கு மிரண்டு வரக் கிளம்பவில்லை. எனக்கு இங்கே முடியவில்லை. நான் எடுத்த அச்சு சரியில்லை என்று பயிற்சியாளர் எல்லோர் முன்னாலும் தூக்கிக் காட்டி, நீ உதவியாளாகவே இருந்திருக்கலாம் என்றார். அன்று மாலைதான் உங்கள் அக்காவின் செய்தி வந்தது. படித்ததும் பதறினேன், பதறின அடுத்த நிமிஷம் நிம்மதியாக இருந்தது. பிள்ளைக்காக வந்தேன் என்று சொன்னால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்களே. உங்கள் கடிதத்தைப் படிக்கப் படிக்க எனக்கு அவமானமாகவும் இருந்தது, உங்கள் மேல் ஆத்திரமாகவும் வந்தது. இந்த மனுஷன் ஏன் எனக்குச் சாக்கு வைக்க ஒரு மூலைகூட விட்டு வைக்கவில்லை என்று.

எழுதி வைத்திருந்த விலகல் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். நேற்றே முனைக்கடைக்குப் போய் ஒரு பெட்டி வாங்கினேன், இருப்பதிலேயே மலிவானது. இன்று காலை கெட்டிலிலேயே பாலை ஊற்றிச் சுட வைத்தேன். வெண்ணெய்க்கும் வாணலிக்கும் நான் எங்கே போவது? பழத்தை முட்கரண்டியால் மசித்து, உப்புப் போட்டு, பாதியை நொறுக்கிப் போட்டு, பாதியை மேலே வைத்துக்கொண்டேன். எனக்குத் தூவ ஆளில்லை, நானே தூவிக்கொண்டேன். பால் அடிப்பிடித்துக் கெட்டில் கருகிவிட்டது. விடுதிக் காப்பாளரம்மா வந்து, கெட்டிலில் தண்ணீரைத் தவிர வேறு எதையும் வைக்கக்கூடாது என்று சத்தம் போட்டார். கெட்டிலைத் தேய்த்து வைத்துவிடுகிறேன், ஆனால் நாளைக்கும் இதைத்தான் செய்வேன் என்று சொல்லிவிட்டேன். என்னை அவர் மேலும் கீழும் பார்த்தார். சூடாக இருந்தது. கட்டிலில் உட்கார்ந்து கடைசிச் சொட்டு வரை சாப்பிட்டேன், அழுதுகொண்டேதான் சாப்பிட்டேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு பட்டறைக்குப் போனேன்.

அந்த அச்சை மேஜையிலேயே வையுங்கள், நான் மறுபடி எடுக்கிறேன், நீங்கள் குறை சொல்ல ஒன்றும் இல்லாமல் போகிற வரை எடுப்பேன் என்று பயிற்சியாளரிடம் சொன்னேன். இன்று எடுத்ததும் சரியாக வரவில்லை. முழங்காலுக்குக் கீழே ஒரு இடத்தில் மட்டும் பிசகு, எங்கே என்று இந்தத் தடவை நானே கண்டுபிடித்தேன். அவர் அச்செடுக்கிற புது மாவுத் துணிச்சுருள் ஒன்றை என் பக்கம் தள்ளிவிட்டுப் போனார்.

உங்கள் அக்காவுக்கு நானே போன் செய்தேன். அண்ணி, நீங்கள் ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து இரண்டு பேருக்கும் வயிறார ஆக்கிப் போடுங்கள், நான் உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், ஆனால் பிள்ளை அவள் அப்பாவோடுதான் இருப்பாள், நானும் முடிக்காமல் வர மாட்டேன் என்றேன். அவர்களை எதிர்த்து நான் பேசியது இதுதான் முதல் தடவை, முழுசாகச் சொல்லி முடித்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அவன் உப்பு இன்னும் கொஞ்சம் போட வேண்டும், சொல்லிவிடு என்றார்கள். நீங்களாகப் போன் செய்யுங்கள், அவர்கள் செய்ய மாட்டார்கள். எனக்காகச் செய்யுங்கள்.

பூட்டைத் திறக்கக் கை வருவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை நான் யாருக்கும் காட்டவில்லை. இங்கே எனக்கும் அப்படித்தான் இருக்கிறது, அதற்கு மேல் எழுதினால் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு வண்டி ஏறிவிடுவேன்.

நீங்கள் சொன்னபடியே நான் வரவில்லை. முடித்துவிட்டுத்தான் வருவேன், அதுவரை பயிற்சியாளர் என்ன சொன்னாலும் சரி, யார் என்ன சொன்னாலும் சரி. போன வாரம் நீங்கள் அனுப்பிய படத்தில் சில்லுவின் கவுன் முழங்காலுக்கு மேலே ஏறி நிற்கிறது. நான் கிளம்பும்போது அது முழங்காலை மூடி இருந்தது. எல்லாவற்றையும் நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள், உங்களிடம் கேட்க எனக்கு வேறு ஒன்றும் இல்லை. அவளைக் கொஞ்சம் மெதுவாக வளரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி